சிவகுருவின் பேத்தி போட்ட கூடைகள்

"உமக்கு வெளியில ஆர் இருக்கினம்?"

கோபிசங்கர் இப்படிக் கேட்டதும் நிலக்சனா கொஞ்சமும் யோசிக்காமல், "அப்பா நிக்கிறார்" என்றாள்.

அது உண்மைதான். ஊர்காவற்றுறைக் கன்னியர் மடத்துக் கல்லூரியின் கேற்றுக்கு வெளியே, பூவரசில் சைக்கிளைச் சாத்திவிட்டு அவளுடைய தகப்பன் வின்சன்ற் நின்றுகொண்டிருந்தார். மகள் விளையாடுகிற நாளில் அவர் தொழிலுக்குப் போவதில்லை. உள்ளே வந்து கதிரையில் இருங்கோ என்று சிஸ்ரர்மார் கூப்பிட்டாலும் வரமாட்டார். உடுப்பில் மீன் மணக்கும் என்று கூச்சம். மதிலில் கல் பெயர்ந்த ஓட்டையால் முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, மகளை ஏற்றிக்கொண்டு போவார்.

வரிசையில் நின்ற பெண்பிள்ளைகள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏனென்றால் அந்த வருடம், இரண்டாயிரத்து மூன்றில், தீவுப் பகுதியில் 'வெளி' என்றால் வெளிநாடு. சண்டை நின்று பாதை திறந்ததும் வெளியில் இருந்தவர்கள் கழுத்தில் கமராவோடு வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். கோபிசங்கரும் அப்படி வந்தவன்தான். வேலணையில் பிறந்து, மீசை முளைக்கு முன்னரே பாரிசுக்குப் போனவன். அங்கே தமிழ்ச் சனம் சந்தாக் காசு கட்டிக் காட் வாங்கிப் போட்டுப் பார்க்கிற ஒரு ரீவியில் வேலை. யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரிகளுக்கு ஒரு கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்தி, அதை வீடியோ நாடாவில் பிடித்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் காட்டுவது அவனுடைய திட்டம்.

"அப்பாவைக் கேக்கேல்லைத் தங்கச்சி. கனடா, லண்டன்... அப்பிடி?"

"மாமி இருக்கிறா. மண்டபம் அகதிக் காம்பில."

"அது இந்தியா எல்லோ?"

"கடலுக்கு அங்காலதானே அண்ணை?"

இப்போது கோபிசங்கரும் சிரித்தான். சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற மாக்கிறேற் ரீச்சரைப் பார்க்காமல் அடுத்த பிள்ளையிடம் போனான். அவன் பார்க்காமல் போனதை ரீச்சர் கவனித்துக்கொண்டாள்.

மாக்கிறேற் அந்தக் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியை. அன்று காலையில்தான் அவளுடைய பிள்ளைகள் வேலணை வாணிவிலாசப் பள்ளிக்கூடத்தை வென்றிருந்தார்கள். சாதாரண வெற்றியல்ல, இரண்டு மடங்கு புள்ளி. தீவுகளிலிருந்து ஒரேயொரு ரீமுக்குத்தான் யாழ்ப்பாணத்தில் இடம். வென்றவர் போவார் என்பதில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? நிலக்சனாவோ காலை முழுக்க ஆகாயத்தில் நடந்தாள். அவளுக்கு வருகிற தை மாதம் பத்தொன்பது வயது முடிகிறது. அதற்குப் பிறகு பாடசாலை ரீமில் இடமில்லை. சோதனையில் கணக்குப் பாடம் இரண்டு தரமும் கைவிட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் மாகாண ரீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்திருப்பார்கள். அவர்கள் கண்ணில் பட்டால் கொழும்பு, விளையாட்டால் ஒரு உத்தியோகம். படாவிட்டால் தாய் எமிலியோடு, மீன் வாங்கி ஐஸ் போடும் ஐஸ்வாடியில் இருந்து இறால் தரம்பிரிக்க வேண்டியதுதான். அவளுக்கு வேறு கதவு கிடையாது.

ஆனால் கடைசி முடிவு ரீம் எடுக்கும் குழுவிடம். அதில் மூன்று பேர். வாணிவிலாசத்தின் பழைய அதிபர் அரியநாயகம் தலைவர், கோபிசங்கர், மாக்கிறேற். அன்று பின்னேரமே அரியநாயகம் வீட்டில் கூடினார்கள்.

"ரீச்சர், உங்கட பிள்ளையள் நல்லாத்தான் விளையாடுதுகள். ஆனா கிட்டக் கிட்ட நிண்டு கைமாத்திக் கைமாத்தியே கொண்டு போகுதுகள். கமராவில பாக்க வடிவில்லை. வாணிவிலாசம் தூக்கி எறியுது, பந்து பறக்குது. சனம் அதைத்தான் பாக்கும்" என்றான் கோபிசங்கர்.

கைமாற்றாமல் என்ன செய்வது? மடத்து மைதானத்தின் ஒரு பக்கம் நேவியின் முள்ளுக்கம்பி. அதைத் தாண்டி விழுந்த பந்து திரும்பி வராது. அங்கே கண்ணிவெடி இருக்கிறதென்று நேவிக்காரரே கால் வைப்பதில்லை. மாக்கிறேற்றிடம் இருந்தது இரண்டு பந்து. பந்தை நெஞ்சைவிட்டுத் தூரம் போகவிடாத அந்தப் பிள்ளைகளின் பழக்கம் அப்படி வந்ததுதான். அந்தப் பழக்கத்தால்தான் வென்றார்கள்.

"வடிவோ? வெண்டது ஆர் தம்பி?"

கோபிசங்கர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் சுற்றினான். "நான் கெட்டவன் இல்லை ரீச்சர். உள்ளதைச் சொல்லுறன். போன மாசம் ஒரு கோயில் தேர் காட்டினனாங்கள். அந்த ஊர்ச் சனம் முழுக்கக் காட் எடுத்தது. வேலணை ஆக்கள் ரொறன்ரோவில ஒரு தெருவையே நிறைச்சு இருக்கினம். தங்கட பிள்ளை பந்து போடுறதெண்டால் கட்டாயம் பாப்பினம். உங்கட பக்கத்தில காட் வாங்க ஆர் இருக்கினம், சொல்லுங்கோ? சனம் பாக்காட்டி விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாட்டி போட்டியே இல்லை. பாரிஸ் முதலாளி ஒரே சொல்லில நிப்பாட்டிப்போடுவார்."

அரியநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு ரீமுக்காண்டி எட்டு ரீமின்ரை சந்தர்ப்பத்தைக் கெடுக்கப்போறீரோ பிள்ளை?"

பாருங்கள், அவர் எவ்வளவு மெல்லக் கேட்டார். மாக்கிறேற் மறுத்தால் சுற்றுப்போட்டியே கிடையாது, நிலக்சனாவுக்கும் கிடையாது. சம்மதித்தால் போட்டி உண்டு, நிலக்சனா மட்டும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பிள்ளையின் முகத்தில்தான் முட்ட வேண்டியிருந்தது. அவள் கடைசியில் வாய் திறக்கவில்லை. அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள், வாணிவிலாசம்தான் யாழ்ப்பாணம் போகிறது என்று பிள்ளைகளிடம் சொன்னாள். நிலக்சனா பந்தை எடுத்துக்கொண்டு போய் மைதானத்தில் தனியாகப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கே வெளிநாடுகளில் ரீவியில் விளம்பரம் ஓடத் தொடங்கிவிட்டது. வாணிவிலாசத்தில் கஜாலினி என்றொரு பிள்ளை. குருநாகலில் கடை வைத்திருந்த சிவகுருவுக்கும் செல்லாச்சிக்கும் பேத்தி. ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ என்று அந்தக் குடும்பம் பரந்து கிடந்தது. 'சிவகுருவின் பேத்தி களமிறங்குகிறாள்' என்று ரீவி சொல்லச் சொல்ல, பெரியப்பன் சித்தப்பன் மச்சாள்மார் எல்லாரும் காட் எடுத்தார்கள். போட்டிக்கு ஒரு கிழமை இருக்க, கஜாலினி கிணற்றடியில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிப் படுத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் கோபிசங்கரின் வான் மாக்கிறேற் வீட்டு வாசலில் நின்றது. அரியநாயகமும் இறங்கினார். நிலக்சனாவையும் வின்சன்றையும் கூப்பிட்டனுப்பச் சொன்னார்கள்.

"கஜாலினியின்ர பதின்மூன்றாம் இலக்க ஜேர்சியை நிலக்சனா போடட்டும்" என்றார் அரியநாயகம். "பேர் கஜாலினியின்ர பேராய் இருக்கும். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான் விளையாடலாமெண்டு சட்டம், அதாலை. வெளியில உள்ள ஆக்கள் அவளை நேரில கண்டதில்லை. அவள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படந்தான் பாத்திருப்பினம். மேக்கப்புக்கை ஆரைத் தெரியுது?"

வின்சன்ற் படலையடியிலேயே நின்றார். "அப்ப என்ர மகள் ஆரின்ர பேத்தி?"

"சும்மா ஒரு ரண்டு கிழமைக்கு, வின்சன்ற்."

"என்ர ஆச்சி அறிஞ்சால் சவக்காலையாலை எழும்பி வந்து திருக்கைவாலாலை வெளுப்பா, ஐயா." அவர் சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் கண் மகளிடமே இருந்தது.

மாக்கிறேற்றும் அவளையே பார்த்தாள். இந்தப் பிள்ளை 'ஏலாது' என்று ஒரு சொல் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் மாதாவைக் கும்பிட்டாள். அப்படிச் சொன்னால் தானும் நிமிர்ந்து நின்று 'ஏலாது' என்று சொல்லிவிடலாம். தன்னால் முடியாததை ஒரு பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோமே என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"பேர் போனாப் போகட்டும் ரீச்சர்" என்றாள் நிலக்சனா. "கை என்ர கைதானே. எடுக்கிற ஆக்கள் கையைத்தான் பாப்பினம்."

யாழ்ப்பாண மைதானத்தில் கம்பி இல்லை. முதல் ஆட்டத்தில் நிலக்சனா சிறிது நேரம் தடுமாறினாள். எவ்வளவு தூரம் எறிந்தாலும் பந்து திரும்பி வருகிற இடம் அவளுக்குப் புதிது. பிறகு பிடித்துக்கொண்டாள். பிறகு அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. அறிவிப்பாளன் ஒவ்வொரு கூடைக்கும் தொண்டை கிழியக் கத்தினான். "கஜாலினி! வேலணை சிவகுரு முதலாளியின் பேத்தி! ரொறன்ரோவில் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியப்பா குடும்பத்தினருக்கு வாழ்த்துக்கள்!" சனம் கைதட்டியது. தகர வேலிக்கு அப்பால் நின்ற வின்சன்றும் கைதட்டினார். பக்கத்தில் நின்றவர், "ஆரப்பா இந்தப் பிள்ளை?" என்று கேட்டபோது, "தெரியேல்லை அண்ணை" என்றார்.

நாடா விமானத்தில் போய் அந்தக் கிழமையே ஓடியது. ரொறன்ரோவிலிருந்து கஜாலினியின் பெரியம்மா ஒருத்தி கோபிசங்கருக்குப் போன் எடுத்தாளாம். "பிள்ளை நல்லா விளையாடுறாள். ஆனா கறுத்துப் போனாள். வெய்யிலுக்கை விடவேண்டாமெண்டு செல்லாச்சி மாமிக்குச் சொல்லிவிடுங்கோ." கோபிசங்கர் இதைப் பகிடியாகத்தான் வந்து சொன்னான். அதைக் கேட்ட கஜாலினி வீங்கிய காலைத் தண்ணீர் வாளிக்குள் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். அவளை ரீமின் வாங்கில் இருக்க விடவில்லை. கமராவில் படக்கூடாது என்று, வெள்ளைச் சீருடையோடு பந்தல் தூணுக்குப் பின்னால் இருத்தியிருந்தார்கள். யாராவது பேரைக் கேட்டால் சொல்லவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஒருமுறை நிலக்சனா தண்ணீர் குடிக்க வந்தபோது கஜாலினி அவளிடம், "இண்டைக்கு நான் எத்தினை போட்டனான்?" என்று கேட்டாள். நிலக்சனா வாயைத் துடைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.

கடைசி ஆட்டம் முடிந்த பின்னேரம். வாணிவிலாசம் வென்றுவிட்டது. மாகாண ரீமுக்கு ஆள் எடுக்க வந்த ஞானசவுந்தரி என்ற பெரிய அம்மா ஒலிவாங்கியைக் கையில் வாங்கினாள். எட்டுக் கல்லூரியிலுமிருந்து தான் தெரிந்தெடுத்த பிள்ளைகளை அங்கேயே கூப்பிடப் போகிறாள். பெற்றோரோடு வந்து தன் கையால் கடிதத்தை வாங்கவேண்டும் என்றாள். கோபிசங்கர் கமராக்காரனை முன்னுக்குத் தள்ளினான். "கிட்டப் போ, முகத்தைப் பிடி. இதைத்தான் சனம் பாக்கும்."

மாக்கிறேற் சட்டென்று பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். பெற்றோரோடு. பந்தலின் முன்வரிசையில், சரிகை வேட்டியோடு கஜாலினியின் தகப்பன் இருந்தார்.

"முதலாவது பெயர்" என்றாள் ஞானசவுந்தரி. "இந்தச் சுற்றுப்போட்டி முழுக்க நான் கண்ணெடுக்காமல் பார்த்த பிள்ளை. வாணிவிலாசம், பதின்மூன்றாம் இலக்கம். கஜாலினி, வாரும் மகள்."

கைதட்டல் எழுந்தது. முன்வரிசைத் தகப்பன் பாதி எழும்பி, பாதியில் நின்றார். மைதானக் கோட்டில் நிலக்சனா ஒரு காலை முன்னே வைத்துவிட்டு, வியர்வையில் உடம்போடு ஒட்டிய ஜேர்சியின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தூணுக்குப் பின்னாலிருந்து, தன் பேரைக் கேட்ட பழக்கத்தில், கஜாலினி வெள்ளைச் சீருடையோடு நொண்டி நொண்டி வெளியே வந்தாள். கமராக்காரன் ஒருத்தியிலிருந்து மற்றவளுக்குக் கமராவைத் திருப்பினான். திரும்பவும் திருப்பினான். பிறகு கண்ணை அதிலிருந்து எடுத்து, எவளைப் பிடிக்கிறது என்று கேட்கிறவனைப் போல மாக்கிறேற்றின் முகத்தைப் பார்த்தான். அவன் தோளில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.