காதுக்கு மேலே

புற்றுநோய் என்று சண்முகவடிவுக்கு வலது மார்பை எடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தையல் ஆறிவிட்டது, இனி இருபத்தைந்து நாள் ரேடியேஷன் என்கிற கரண்டு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் எங்கே கரண்டு பட வேண்டும் என்று அளந்து உடம்பில் கோடு போடுவார்களாம். அன்றைக்கு வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவள் தாராவியிலிருந்து தனியாகத்தான் பஸ் ஏறிப் போனாள்.

பலகையில் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார்கள். கை தோள்மட்டத்தோடு நின்றுவிட்டது. அக்குளுக்குள் கயிறு போட்டு யாரோ கீழே இழுக்கிற மாதிரி இருந்தது. கோடு போட வந்த பெண் இந்தியில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு டாக்டரை அழைத்துவந்தாள். கை காதுக்கு மேலே போகாமல் மெஷினை வைக்க முடியாது என்றார் அவர். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பல்லிபோல மெல்ல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். பத்து நாள் கழித்து வா என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவளைத் தவிர ஆள் இல்லை. புருஷன் பூதத்தானுக்குத் தோல் கிடங்கில் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகு, இரவு வேலை என்று சொல்லி அங்கேயே படுத்துக்கொண்டான். சாயங்காலம் வந்து காய்கறியும் மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போவான். மகள் டோம்பிவிலியில் ஏழு மாதக் கர்ப்பம். இந்த நேரத்தில் போக்குவரத்து வேண்டாம் என்று சம்பந்தியம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள்.

சண்முகவடிவு தினமும் மூன்று வேளை சுவர் முன்னால் நின்றாள். அடுத்த வீட்டுக்கும் சேர்த்துப் பலகையும் தகரமுமாக அடித்த சுவர். முதல் நாள் விரல்கள் காலண்டர் வரைக்கும் ஏறின. மூன்றாம் நாள் அதன் ஆணியைத் தொட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் அடுத்த வீட்டு சைனப் ஓர் எலிப்பொறியோடு வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க பக்கம் எலி பிறாண்டுது. மத்தியானம் பிள்ளயத் தூங்க வைக்க முடியல."

"ஆமா, பெரிய எலிதான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள் சண்முகவடிவு.

கதவைச் சாத்தியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பூதத்தான் முன்போல இருந்திருந்தால் இதைச் சொல்லி இரண்டு பேருமாகச் சிரித்திருக்கலாம். பிறகு பிளேடை எடுத்து நகங்களை ஒட்ட வெட்டினாள். மறுநாள் எலி போய்விட்டது என்று பொறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பத்தாம் நாள் பலகையில் கை காதைத் தாண்டி மேலே போனது. அந்தப் பெண் அளந்து அளந்து, ஊதா மையால் நெஞ்சிலும் விலாவிலும் கோடுகள் இழுத்தாள். மை ஜில்லென்று இருந்தது. பிறகு அசையாதே என்று சொல்லிவிட்டு எல்லாரும் வெளியே போய்க் கனத்த கதவை மூடினார்கள். எங்கோ ஒரு மெஷின் உறுமியது. மூச்சு விட்டால் கோடு நகர்ந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கிளம்பும்போது சொல்லியனுப்பினார்கள்: திங்கட்கிழமை கரண்டு ஆரம்பம். கோட்டில் தண்ணீரோ சோப்போ படக் கூடாது. இறுக்கமான ஜாக்கெட் போடக் கூடாது. தினமும் பார்க்க வேண்டும், மங்கினால் நீயாக வரையாமல் எங்களிடம் வந்து சொல்ல வேண்டும்.

அந்த இடத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. குளிக்கும்போதுகூட மேலே தகரத்தைப் பார்த்துக்கொண்டுதான் குளித்தாள்.

சாயங்காலம் பூதத்தான் வந்தான். அவனுடைய பழைய சட்டை ஒன்றை எடுத்துப் போட்டிருந்தாள்.

"ஏங்க, விலாப் பக்கம் ஒரு கோடு பின்னால போவுது. எனக்குத் தெரியல. அழிஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லுதீங்களா?"

அவன் வாசலிலேயே நின்றான்.

"எனக்குத் தைரியம் இல்ல, வடிவு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாளில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைத்தாள். சரி, நீங்க போங்க என்றாள்.

அவன் போனதும் கதவுக்குத் தாழ் போட்டு, சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். அவன் ஷேவ் செய்கிற கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கினாள். முதலில் தழும்பு தெரிந்தது. அக்குள் வரைக்கும் கோணலாக, மொழுமொழுவென்று கிடந்தது. நினைத்துப் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லாத இடமாக இருந்தது. அதன் மேல் ஊதாக் கோடுகள். கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பின்கோட்டையும் பிடித்துவிட்டாள். எதுவும் அழியவில்லை.

திங்கட்கிழமை காலை பூதத்தான் பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். அவளை ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் கீழேயே நின்றான். கோட்டில் உரசாமல் இருக்கக் கையை உடம்பை விட்டுத் தள்ளி வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் அவள் தனியாக உட்கார்ந்தாள். பஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது.