இடது ஆரிக்கிளைக் காணோம்

திருத்தி வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களைப் புரட்டிய துணைத் தலைமையாசிரியைக்கு மூன்றாவது தாளிலேயே மூக்கு வியர்த்துவிட்டது.

இதயத்தில் ரத்தம் ஓடும் வழியை எழுதச் சொன்ன கேள்வி. நுரையீரலிலிருந்து திரும்பிய ரத்தத்தை எல்லாரும் நேராக இடது வெண்ட்ரிக்கிளில் கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள். நடுவில் இருக்கவேண்டிய இடது ஆரிக்கிளை ஒருவர்கூட எழுதவில்லை. சரியான விடை ஒன்றுபோல இருந்தால் குற்றமில்லை. தப்பும் ஒன்றுபோல இருந்தால் அதற்கு ஒரு தாய்வீடு இருந்தாக வேண்டும். தேர்வுப் பொறுப்பில் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள்.

முதலில் நினைவுக்கு வந்தவர் புது அறிவியல் வாத்தியார். ஆசிரியர் அறையில் அவருக்குப் பெயர் டமாரம். ஸ்பீக்கர் பெட்டியோடு வகுப்புக்குப் போவார். பாடத்தைப் பிள்ளைகளே 'ராப்' பாட்டாகக் கட்ட வேண்டும், கூட்டமாகப் பாட வேண்டும். பாடம் நடத்தச் சொன்னால் கச்சேரி நடத்துகிறார் என்று தலைமையாசிரியரிடம் அவளே கோள் சொல்லியிருந்தாள். போதாக்குறைக்கு, தேர்வு அறையில் பிள்ளைகள் மேசையில் விரலால் தட்டித் தட்டி எழுதியதைக் கண்ணாரப் பார்த்திருந்தாள். சும்மாவா தட்டுவார்கள்? சைகைதான், சந்தேகமே இல்லை.

ராப் என்றாலே அவளுக்கு ஆகாது. போன வருஷம் மகன் பாட்டுக் கட்டுகிறேன் என்று கிளம்பியபோது ஒரு மாதம் அவனோடு பேசாமலிருந்து, அந்த ஆசையை வேரோடு பிடுங்கிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த விடைத்தாள் கட்டுக்குள் அவன் தாளும் இருந்தது. அறிவியலில் என்றுமே கரையேறாத பிள்ளை, இந்த முறை வகுப்பிலேயே முதல். அவள் தங்கச்சிக்கும் நாத்தனாருக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. காப்பியடித்தவரைப் பொதுத்தேர்வுக்கு அனுப்புவதில்லை என்பது பள்ளியின் விதி. அந்த விதியைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

சாயங்காலம் மகன் சாப்பிட உட்கார்ந்தான். இடது கை விரல்கள் மேசையில் தட்டிக்கொண்டிருந்தன.

"யாரைப் பாத்துடா எழுதின?"

"யாரையும் பாக்கலம்மா."

"அப்ப எல்லாருக்கும் ஒரே தப்பு எப்படி வந்துச்சு? வானத்துலேர்ந்து குதிச்சுதா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கினான். கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது தப்பவில்லை.

"அந்த டமாரம்தானே விடையைச் சொல்லிக் குடுத்தாரு?"

"சாரை ஏம்மா இழுக்கற?"

"அப்ப வேற யாரு?"

விரல்கள் நின்றன. "ஆமா, நான்தான் காப்பியடிச்சேன். போதுமா?"

ஒப்புக்கொள்ளட்டும் என்றுதான் கேட்டாள். ஆனாலும் அழுகை வந்தது, அவன் முன்னால் அழவில்லை. ஒப்புக்கொண்டானே தவிர, யாரைப் பார்த்து என்று சொல்லவில்லையே என்று மட்டும் உள்ளுக்குள் உறுத்தியது.

மறுநாள் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று பத்தாம் வகுப்பை நோக்கி நடந்தாள். சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு துணைத் தலைமையாசிரியை தன் பள்ளியிலேயே திருடிபோல ஜன்னலோரம் பதுங்கினாள். உள்ளே பெட்டி அதிர, வகுப்பே மேசையில் தட்டிப் பாடிக்கொண்டிருந்தது.

"அழுக்கு ரத்தம் வந்து தட்டுது வலது ஆரிக்கிள் வாசல்,
அடுத்த அறை வெண்ட்ரிக்கிள் போனா அங்கயும் ஒரே பூசல்!
நுரையீரல் போயி மூச்சு வாங்கித் திரும்புது பாரு செவந்து,
இடது வெண்ட்ரிக்கிள் தள்ளி விடுது உடம்பு முழுக்க நிமிந்து!"

அவள் விரல் விட்டு எண்ணினாள். பாட்டு முடிந்துவிட்டது, இடது ஆரிக்கிள் வரவேயில்லை.

"ஒரு அறையையே காணோம் பாத்தீங்களா?" என்றார் டமாரம். "பேப்பர் திருத்தும்போதுதான் எனக்கே உறைச்சுது. பாட்டுல மயங்கி நானும் கோட்டை விட்டுட்டேன். கட்டினவரு எழுந்திருங்க."

கடைசி பெஞ்சில் அவள் மகன் எழுந்தான்.

"அதை நுழைச்சா தாளம் இடிக்குது சார். அதான் விட்டுட்டேன்."

வகுப்பு சிரித்தது. அவள் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு அடங்கியது, யாரோ பெட்டியை அணைத்தார்கள். யாரையும் கவனிக்காமல் நேராக மகனிடம் போனாள்.

"நேத்து ஏன்டா காப்பின்னு சொன்ன?"

பள்ளியில் அவளை டீச்சர் என்று தவிர அவன் கூப்பிட்டதேயில்லை.

"காப்பியடிச்சேன்னா பரீட்சைக்கு விடமாட்டீங்க, அவ்வளவுதான் டீச்சர். பாட்டு எழுதினேன்னு போன தடவை சொன்னதுக்கு..." விரலால் மேசை விளிம்பைச் சுரண்டினான். "ஒரு மாசம் பேசலியேம்மா நீ."

பெஞ்சில் அவன் பக்கத்தில் இடமிருந்தது. உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை பாடு."

அவன் பாடவில்லை. அவள் கையையே மிரண்டு பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் செருப்பு இன்னும் கையிலேயே இருப்பது அவளுக்கு உறைத்தது.