தோளில் ஏறிய ஆலிவ் மரம்

இரண்டு வருடமாக நெஜிபாவும் அவளோடு சேர்ந்த ஏழெட்டுப் பேரும் கேஃப் என்ற மலையூரின் மேட்டுப் பூங்காவைப் பிடிவாதமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். குப்பைமேடாகக் கிடந்ததை அள்ளியாயிற்று. ஒடிந்த பெஞ்சுகளுக்குப் பலகை அடித்து வண்ணம் பூசியாயிற்று. ஆனால் நிழல் இல்லை. வைத்த கன்றுகளில் பாதியை ஆடு மேய்ந்தது, மீதியை வெயில் மேய்ந்தது. நிழல் இல்லாத இடத்தில் யார் வந்து உட்காருவார்கள்? ஆள் வராத பெஞ்சுகளில் மறுபடியும் குப்பைப் பைகள் வந்து உட்கார ஆரம்பித்தன. காபிக்கடையில் இவர்களுக்குக் குப்பைக் குடும்பம் என்று பெயர்.

நெஜிபா தையல்காரி. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். கீழ்த்தெருவில் அவள் அண்ணன், புது அறை கட்டுவதற்காகக் கொல்லையில் நின்ற ஆலிவ் மரத்தை வெட்டப்போகிறேன் என்றபோது மட்டும், எப்படியோ வாய் திறந்து அதை எனக்குக் கொடு என்று கேட்டுவிட்டாள். சனிக்கிழமை காலை கான்கிரீட் போட ஆள் வருகிறது, அதற்குள் எடுத்துப் போ, இல்லாவிட்டால் விறகுதான் என்றான் அண்ணன். இந்த மரமும் பிழைக்காவிட்டால் பூங்காவை விட்டுவிடுவது என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வேலை தொடங்கியது. கிளைகளை முன்பே கழித்துவிட்டிருந்தார்கள். குழாய் வேலை செய்யும் லஸ்ஹர் இரண்டு நீளமான இரும்புக் குழாய்களையும், கழற்றிப் போட்ட ஒரு பழைய கதவையும் கொண்டுவந்தான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஸீனா வேர்மண்ணை ஈரச்சாக்கால் சுற்றினாள். பிப்ரவரிக் காற்று வேரை உலர்த்திவிடக்கூடாதென்று மரம் முழுவதும் மூடும்படி தன் வீட்டுப் பச்சைக் கம்பளியைப் போர்த்தினாள். இரண்டு குழாய்களின்மேல் வைத்துக் கட்டிய கதவில் மரம் மல்லாந்து படுத்தது.

மேட்டுப் பூங்காவுக்கு லாரி போகாது. எல்லாம் படித்தெரு. தூக்கினார்கள், பத்துப் படி ஏறினார்கள், இறக்கினார்கள். மறுபடி தூக்கினார்கள். காபிக்கடைக்குக் கீழே வந்தபோது லஸ்ஹர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். இன்னும் பாதி வழிகூட ஆகவில்லை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மண்வெட்டியோடு முன்னால் நடந்த நெஜிபா திரும்பிப் பார்த்தாள். இனி ஒரு படிகூட ஏறாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது காபிக்கடையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் சிகரெட்டைக் காலடியில் நசுக்கினார். ஒருவர் சீட்டுக்கட்டைக் கவிழ்த்து வைத்தார். சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி படிந்த ஒருவன் முதலில் வந்து, எதுவும் கேட்காமல் குழாய்க்கு அடியில் தோளைக் கொடுத்தான். அவன் பின்னால் மற்றவர்கள். கதவின்மேல் போர்த்திக் கிடந்ததைப் பார்த்து, குப்பைக் குடும்பத்தில் யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். ஜனாஸா ஊர்வலம் போகும்போது செத்தது யார் என்று கேட்பதில்லை. நாலடி சுமந்துவிட்டு அடுத்தவனுக்குத் தோளை மாற்றிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நெஜிபாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. லஸ்ஹரின் பக்கத்தில் போய், பாவம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முணுமுணுத்தாள்.

"பேசாம வா அக்கா. மேல போய்ச் சொல்லிக்கலாம்" என்றான் அவன், மூச்சு வாங்கியபடி.

கதவுகள் திறந்தன. ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வந்தார். செத்தவருக்காகக் கலிமாவை முணுமுணுக்கும் குரல்கள் ஒன்றாகி, தெருவே தாழ்ந்த குரலில் ரீங்கரித்தது. நல்ல உடம்புக்காரர் போலிருக்கிறது, அல்லாஹ் கிருபை செய்யட்டும் என்றார் ஒருவர். பெண்கள் அடக்கத்துக்கு வரும் வழக்கமில்லை, இதற்குமேல் வரவேண்டாமே என்று இன்னொருவர் நெஜிபாவிடம் கனிவாகச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். சிமெண்டுத் தூசிக்காரன் மட்டும் யாருக்கும் இடம் விடவில்லை. செத்தவரின் மகன் போல என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

முச்சந்தி வந்தது. நேராக ஏறினால் பூங்கா, இடப்பக்கம் கபர்ஸ்தான், ஊரின் இடுகாடு. நாற்பது ஐம்பது பேரின் கால்களும் தாமாகவே இடப்பக்கம் திரும்பின. லஸ்ஹர் கத்தியது முணுமுணுப்பில் அமுங்கிப்போனது. மரம் கபர்ஸ்தானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நெஜிபா ஓடிப்போய் முன்னால் நின்றாள். மண்வெட்டியைக் குறுக்கே நீட்டினாள்.

"அந்தப் பக்கம் இல்ல அண்ணே. மேல. பார்க்குக்கு."

"பார்க்குல யாரும்மா புதைப்பாங்க?"

"புதைக்கப் போறதில்ல. நடப் போறோம்."

கம்பளியின் ஓரத்தை அவளே விலக்கினாள். சாம்பல் நிறத் தண்டும், வெட்டுப்பட்ட கிளையில் ஒட்டிக்கொண்டிருந்த நாலு இலையும் தெரிந்தன.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்தினார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒரு மரக்கட்டைக்கா நான் கலிமா சொல்லிக்கிட்டு வந்தேன்?"

"வீணாப் போகல ஹாஜி. எங்களுக்குன்னு வெச்சுக்கறோம். காபிக்கடைக்குக் கீழயே பாதி செத்துட்டோம்" என்றான் லஸ்ஹர்.

யாரும் சிரிக்கவில்லை. இப்போது இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நெஜிபா மண்வெட்டிக் காம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். குழாய்க்கு அடியிலிருந்து சிமெண்டுத் தூசிக்காரனின் குரல் வந்தது. அவன் தலை நிமிரவில்லை.

"எங்கம்மா செத்தப்போ நான் இத்தாலில இருந்தேன். அங்க தங்கறதுக்குப் பேப்பர் இல்ல, வர முடியல. நான் இதைக் கீழ வைக்கமாட்டேன். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு அக்கா."

அவள் கையை மேலே காட்டினாள்.

அவன் திரும்பினான். அவன் திரும்பியதால் குழாய் திரும்பியது, குழாயோடு எல்லாத் தோள்களும் திரும்பின. ஹாஜி ஒரு கணம் நின்றார். பிறகு சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்து தோளைக் கொடுத்தார். முணுமுணுப்பு நின்றுபோயிருந்தது. செருப்புகள் படியில் உரசும் சத்தம் மட்டும். அதன் பிறகு நெஜிபா கண்டதை என்னவென்று சொல்ல? ஏழு பேரின் இடுப்பை ஒடித்த மரம், தண்ணீரில் மிதப்பதுபோல் தலைகளுக்கு மேலே ஏறிப்போயிற்று. ஒரு தோள் விலகுமுன் இன்னொரு தோள் நுழைந்தது. யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. எங்கே தாழ வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்று அந்தக் கூட்டத்துக்குத் தானே தெரிந்திருந்தது.

பூங்காவில் குழி தயாராக இருந்தது. வேர்மண்ணை இறக்கித் தண்டை நிமிர்த்தியபோது எல்லோரும் அசையாமல் நின்றார்கள். இத்தனை நேரம் படுத்துக்கிடந்தது எழுந்து நின்றதை அண்ணாந்து பார்த்தார்கள். ஹாஜியின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

பிறகு அடக்கம் செய்யும் பழக்கம் மேலோங்கியது. குனிந்து ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் அள்ளிப் போட்டார்கள். போட்டவன் விலக அடுத்தவன் வந்தான். மண்வெட்டியோடு நெஜிபா நெருங்கப் பார்த்தாள், இடம் கிடைக்கவில்லை. வெளியே நின்று எம்பி எம்பிப் பார்த்தாள். மண்வெட்டி படாமலே குழி நிரம்பிக்கொண்டிருந்தது.

மண் போட்டு முடித்தவர்கள் கலையவில்லை. அடக்கம் முடிந்தால் வீட்டாரின் கையைப் பற்றி ஆறுதல் சொல்லாமல் யாரும் போவதில்லை. வீட்டாரைத் தேடினார்கள். ஸீனா நெஜிபாவைப் பிடித்து முன்னால் தள்ளினாள். வரிசை தானாக நின்றது. முதல் ஆள் ஹாஜி. மண் அப்பிய கையால் அவள் கையைப் பற்றினார். பழகிய ஆறுதல் வார்த்தை உதடு வரை வந்து நின்றது. மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"வேர் பிடிக்கட்டும்மா" என்றார்.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. நெஜிபா ஒவ்வொரு கையாகப் பற்றிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.