கண்ணாடி மட்டும்

படத்தில் விழும் நிழலை எடுத்துவிட்டு அவள் மறுபடியும் கம்ப்யூட்டரில் லாரி விளையாட்டைத் திறந்தாள். திறக்க நான்கு நிமிடம் ஆகும். அதுவரை திரையில் ஒரு வட்டம் சுற்றும். அவள் வட்டத்தைப் பார்க்காமல், கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்த கணவரின் இடது கை விரலைப் பார்த்தாள். விரல் நுனியைக் கவ்வி ஆக்சிஜனை அளந்துகொண்டிருந்த கருவியில் எண்பத்து நான்கு. காலையில் எண்பத்தெட்டு இருந்தது.

"வருதா?" என்றார். மூக்கில் குழாய். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு செலவானது.

"வந்துரும்ங்க. இதோ."

வந்தது. மலைப்பாதை, மழை, லாரியின் முன்கண்ணாடியில் தண்ணீர் துடைக்கும் பட்டை. திரையின் மூலையில் பொடி எழுத்தில் ஓர் எண்: பதினாறு. நிழல் இருந்தபோது பதினான்கு. ஒரு மணி நேரம் பாடுபட்டதற்கு இரண்டு ஏறியிருக்கிறது.

நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று சொல்லும் அந்த எண்ணைத் தெரியும்படி வைத்துக் கொடுத்தவர் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். முப்பதுக்குப் பக்கம் போனால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும், இருபதுக்குக் கீழே வந்தால் நொண்டும் என்று சொல்லியிருந்தார். நொண்டினால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வளைவில் படம் உறைந்து நிற்கும். திரும்ப அசையும்போது லாரி பள்ளத்தில் கிடக்கும். மூன்று நாளில் ஏழு தடவை கிடந்தாயிற்று.

அவர் முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவர். ஒன்றரை வருடத்துக்கு முன், ஒரு குடோன் வாசல் வரைக்கும் லோடைக் கொண்டுபோய், உள்ளே பின்னால் எடுக்கும் நேரத்தில் மூச்சடைத்து ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். வேறு யாரோ ஏறி வண்டியை உள்ளே விட்டார்கள். அதற்குப் பிறகு நுரையீரல் அவரை எந்த வண்டியிலும் ஏறவிடவில்லை. "வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள விடாம வந்துட்டேனே" என்பதை மட்டும் எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ. ஆஸ்பத்திரியில் கைவிரித்து, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிய அன்று, என்ன வேணும் என்று கேட்டாள். சாப்பாட்டைக் கேட்கவில்லை. மகனைக்கூடக் கேட்கவில்லை, அவன் வந்துகொண்டிருக்கிறான் என்று தெரியும். "ஒரு லோடு இறக்கணும்" என்றார்.

அவள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். கடையில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து, இந்த லாரி விளையாட்டைப் போட்டுத் தந்திருந்தாள். சின்னச் சின்ன ஓட்டங்களுக்கு அது தாக்குப்பிடித்தது. இந்த மலை லோடுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"அண்ணி, மனுஷனுக்கு இங்க இழுத்துக்கிட்டு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பொம்மை வண்டிய இழுத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள் நாத்தனார், வாசற்படியில் நின்று.

"உன் அண்ணன்கிட்ட சொல்லேன்."

"அவன் என்னிக்கு என் பேச்சக் கேட்டான்?"

அவர் கண்ணைத் திறக்காமலே புன்னகைத்தார்.

அவள் போனை எடுத்து ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாள். ஆறாவது தடவையாக.

"அக்கா, அது பத்து வருஷத்து மெஷின். ஓடுறதே உங்க மேல இருக்குற மரியாதைக்குத்தான்."

"தம்பி, இன்னிக்கு ஓடியாகணும். நாளைக்குன்னு சொல்லாதீங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "புல்ல எடுத்துடுங்க. எட்டத்துல தெரியுறத பாதியாக் குறைங்க. அப்புறம் பக்கக் கண்ணாடிய அணைச்சிருங்க. அதுதான் ரொம்பத் திங்கும். முன்னாடி இருக்கற ஊர வரைஞ்சு முடிச்சதும், கண்ணாடிக்காகப் பின்னாடி இருக்கற ஊரையும் வரையணும் பாருங்க, பாவம்."

எடுத்தாள், குறைத்தாள், அணைத்தாள். நான்கு நிமிடம். மூலையில் இருபத்தேழு.

அவள் தன்னை அறியாமல் விரலைப் பார்த்தாள். அதுவும் ஏறியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. எண்பத்தொன்று.

அவர் வலது கையை மடிமேல் பலகையில் இருந்த கீபோர்டில் வைத்தார். கையில் தோலும் எலும்பும்தான். ஆனாலும் வளைவு வருமுன்னே வேகம் குறைந்தது. இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரைக் குறைத்தார். நாத்தனார் அறைக்குள் வந்து, சுவரோரமாக உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்த்தாள். முக்கால் மணி நேரத்தில் மலை முடிந்தது. குடோன் வாசல் வந்ததும் அவர் வண்டியை நிறுத்தினார்.

"அவ்வளவுதானே, நான் அணைச்சுரவா?" என்று நாத்தனார் எழுந்தாள்.

"உடனே அணைக்காத. லோடு இழுத்த இன்ஜின்... ரெண்டு நிமிஷம் சும்மா ஓடணும். இல்லாட்டி உள்ளுக்குள்ளயே... வெந்துரும்."

"பொம்மைக்குமா?"

"எதுக்கும்தான். இன்னும் முடியல. பின்னாடி எடுக்கணும்." அவர் திரையின் இரு ஓரங்களையும் பார்த்தார். அங்கே இரண்டு கறுப்புக் கட்டங்கள். "கண்ணாடி எங்க?"

மலையைக் கடப்பதிலேயே அவள் புத்தி இருந்துவிட்டது. லாரிக்காரரின் பெண்டாட்டிக்கு, கண்ணாடியை எடுத்தால் எப்படிப் பின்னால் எடுப்பார் என்று தோன்றவில்லையே.

"அதப் போட்டா நொண்டுதுங்க. வெளியிலருந்து வண்டியப் பாக்குற மாதிரி ஒரு பட்டன் இருக்கு. மேலருந்து பாத்து எடுத்துரலாம்."

"மேலருந்து பாக்குறது... வேற ஆளு வேலை" என்றார்.

நாத்தனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணாடியப் போடு. மிச்சத்த எடு."

அவள் பட்டியலைத் திறந்தாள். "மரம்?"

"வேணாம்."

"மழை?"

"நனைஞ்சது போதும்."

"மேகம்னு ஒண்ணு இருக்கு."

தலையை அசைத்தார்.

"ரோட்டுல வர்ற மத்த வண்டிங்க?"

இதற்குக் கொஞ்சம் யோசித்தார். "எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும். கண்ணாடி மட்டும் இருக்கட்டும்."

வட்டம் சுற்ற ஆரம்பித்தது; வண்டி நின்ற வாசலிலேயே திறக்கும். விரலில் எழுபத்து நான்கு. குழாயைச் சரிசெய்தாள், ஆக்சிஜன் இயந்திரத்தின் திருகைத் தொட்டாள்; அது ஏற்கனவே கடைசி வரை திருகப்பட்டிருந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று திரையிடம் வாய்க்குள் சொன்னாள். நான்கு நிமிடத்தை எதையாவது சொல்லி நிரப்பினால் அவர் விழித்திருப்பார் என்று தோன்றியது.

"கண்ணாடி கண்ணாடின்னு உயிர விடுறீங்க. இத்தன வருஷத்துல வண்டி எடுக்கும்போது ஒரு நாளு திரும்பிப் பாத்து கை காட்டியிருப்பீங்களா? நானும் வாசல்ல மரம் மாதிரி நிப்பேன்."

அவர் தூங்கிவிட்டாரோ என்று குனிந்தாள்.

"கண்ணாடில தெரிவே" என்றார். "தெருமுனை திரும்புற வரைக்கும். புறங்கையால மூக்கத் துடைச்சிட்டு... உள்ள போவே."

அவள் புறங்கை மூக்கை நோக்கி எழுந்து, பாதியில் இறங்கியது.

திரை திறந்தது. மரமில்லை, மழையில்லை, வானம் ஒரே சாம்பல் பூச்சு. எங்கும் ஆளரவம் இல்லை. அந்த வெறுமைக்கு நடுவில் இரண்டு பக்கக் கண்ணாடிகள் மட்டும் துலக்கிவைத்தது போல இருந்தன. அவற்றில் லாரியின் நீண்ட முதுகும், குடோனின் திறந்த கதவும். மூலையில் இருபத்திரண்டு.

"ம்" என்றார்.

லாரி பின்னால் நகர்ந்தது. அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். வண்டிக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கும் கிளீனர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

"வாங்க... வாங்க... லெஃப்ட்ல கொஞ்சம் ஒடிங்க... நேரா வாங்க..."

"கிளீனர் யாராச்சும்... டிரைவர வாங்கன்னு கூப்புடுவானா?"

"சரி, வா, வா" என்றாள். நாத்தனாருக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

லாரி ஒருமுறை கோணியது, முன்னால் போய் நிமிர்ந்தது, மீண்டும் வந்தது. கதவின் இரண்டு தூண்களும் இரண்டு கண்ணாடிகளிலும் ஒரே அளவு இடைவெளியில் நின்றன. உள்ளே நுழைந்தது. இன்னும் ஒரு கை அகலம்.

"வா... வா... போதும்."

லாரி நிற்கவில்லை. மெதுவாக வந்து உள்சுவரில் முதுகை முட்டியது. இன்ஜின் உறுமியது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

"போதும்ங்க. உள்ள வந்தாச்சு. போதும்."

அவள் திரும்பினாள். அவர் கண்கள் இடப்பக்கக் கண்ணாடியில் இருந்தன. ஆள்காட்டி விரல் பட்டனை அழுத்தியபடியே இருந்தது. மற்ற கையில் கருவி எண்ணுக்குப் பதில் இரண்டு கோடுகளைக் காட்டியது.

அவள் கட்டிலருகே வந்து, அவர் விரலைப் பட்டனிலிருந்து எடுத்தாள். சக்கரம் நின்றது. பிறகு எட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். மூலையில் இருந்த எண் இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று ஏறி, இத்தனை நாள் ஒருதடவைகூடத் தொடாத முப்பத்தாறில் போய் அசையாமல் நின்றது.

நாத்தனார் எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. ஆக்சிஜன் இயந்திரத்தை நிறுத்தியிருந்தாள். அறையில் இப்போது லாரியின் சத்தம் மட்டும். அவள் கை கம்ப்யூட்டரின் பக்கம் போனது.

"அண்ணி, இதையும் அணைச்சிரவா?"

"உடனே வேணாம்" என்றாள் அவள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கீபோர்டை அவர் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு நிமிஷம் ஓடட்டும்."