மூன்றாவது சுற்றில் ஏறியவள்

என் வீட்டுக்காரர் அமைச்சர். போன வருடம் அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தெருவோரம் நிற்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் வண்டி நின்று, உள்ளே இருப்பவன் பேசி, அவள் ஏறிக்கொண்டால், விபசாரம் என்று பிடிக்க அதுவே போதும். வேறு சாட்சி வேண்டாம். ஏற்றினவனும் குற்றவாளி, ஏறினவளும் குற்றவாளி. இதை அவர் எழுதியது எங்கள் சாப்பாட்டு மேசையில்தான். தட்டுகளை எடுத்துக்கொண்டே, வழி கேட்க நிறுத்தினவன் கதி என்ன என்று கேட்டேன். இதெல்லாம் உனக்குப் புரியாது என்றார். சரிதான், மேசையைத் துடைத்துவிட்டுப் போனேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கல்யாணமான நாளிலிருந்து அதே கொண்டை. தேர்தல் சுவரொட்டியில்கூட அவர் பக்கத்தில் அந்தக் கொண்டையோடுதான் கைகூப்பி நிற்பேன். சலித்துவிட்டது. கழுத்தோடு வெட்டச் சொன்னேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

வெளியே வந்தால் மழை. தங்கையிடம் இரவல் வாங்கிய சிவப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவருக்குப் போன் செய்தேன். டிரைவர் லீவு, நானே வருகிறேன், அங்கேயே நில், இதோ வந்துவிட்டேன் என்றார். அவருடைய ‘இதோ’வை நம்பி நான் நின்ற இடங்களையெல்லாம் சேர்த்தால் ஒரு ஊரே கட்டலாம். பார்லர்காரி விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்கி, தன் பாட்டுக்குப் போய்விட்டாள்.

தெருமுனையில் இன்னொருத்தி சிவப்புக் குடையோடு நின்றிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்தப் பக்கம் புதுசா இருக்கே என்றாள். புருஷனுக்காகக் காத்திருக்கிறேன் என்றேன்.

“நாங்க எல்லாருமே யாரோட புருஷனுக்காவதுதான் காத்திருக்கோம்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்து, குடையைப் பாதி என் பக்கம் நீட்டினாள். முன்பெல்லாம் அவர்கள் இரண்டு இரண்டு பேராக நிற்பார்களாம். ஒருத்தி ஏறினால் மற்றவள் வண்டி நம்பரை மனதில் வைத்துக்கொள்வாள். புதுச் சட்டம் வந்ததிலிருந்து ஜோடியாக நின்றால் போலீஸ் கண்ணில் பட்டுவிடும் என்று ஆளுக்கொரு இருட்டு மூலையில் தனித்தனியாக நிற்கிறார்கள். போன மாதம் ஒருத்தியை எவனோ கை ஒடித்து வழியில் இறக்கிவிட்டானாம். எந்த வண்டி என்று சொல்ல ஆள் இல்லை. இந்தச் சட்டம் போட்டவன் ஒரு நாள் இங்கே வந்து மழையில் நிற்கவேண்டும் என்றாள். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம் போட்டவன் என்னைக் கூட்டிப்போகத்தான் வந்துகொண்டிருக்கிறான் என்று எந்த முகத்தோடு சொல்வது? ரொம்ப நேரம் சேர்ந்து நிற்கக்கூடாது என்று அவள் நகர்ந்தாள். நகரும்போது, “முடி நல்லா வெட்டியிருக்காங்க. முகத்துக்கு எடுப்பா இருக்கு” என்றாள்.

அவர் வந்தார். போனில் பேசிக்கொண்டே வந்தார். நான் ஜன்னலில் குனிந்து, எவ்வளவு நேரம் நிற்பது என்று ஆரம்பித்தேன். ரோட்டைப் பார்த்தபடியே, பொறு என்று கையைக் காட்டினார். போனை வைக்காமல் ஏறமாட்டேன் என்று நின்றேன். பின்னால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்க, இவர் ஒரு சுற்றுப் போய் வந்தார். மறுபடி குனிந்தேன். மறுபடி கையைக் காட்டினார். மறுபடி ஹாரன். மூன்றாவது சுற்றில், உடம்பெல்லாம் நனைந்து, தொலையட்டும் என்று ஏறிக்கொண்டேன். வீடு வரைக்கும் கட்சித் தலைவரிடம் பேசினார். தன் சட்டம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றுதான் பேச்சு.

முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதன்கிழமை இல்லை. வியாழக்கிழமை என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். சாப்பாட்டைச் சொன்னார். எங்கள் வீட்டு நாய்கூட முதல் நாள் என் கழுத்தை மோந்து பார்த்துவிட்டு ஒரு மாதிரி தலையைச் சாய்த்தது.

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. பெரிய மனிதர்கள் யாராவது மாட்டுவார்களா என்று அந்தத் தெருவில் ஒரு வேனுக்குள் ஒளிந்திருந்தவன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எடுத்த படம். வண்டிக்குள் அவர் முகம் பளிச்சென்று, வாய் திறந்தபடி. வெளியே ஒரு பெண்ணின் முதுகு. சிவப்புக் கோட்டு, கட்டை முடி. ‘மூன்று சுற்றுக்குப் பின் பேரம் படிந்தது’ என்று தலைப்பு.

அவர் பத்திரிகையை என் முன்னால் போட்டுவிட்டு அழுதார். நம் பெண் மேல் சத்தியம், இந்தப் பொம்பளையை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்றார். நான் அவருக்கு நேராக, வெளிச்சத்தில், அதே தலையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

“நல்லா பாருங்க” என்றேன்.

பார்த்தார். படத்தைப் பார்த்தார். “சத்தியமா தெரியாது. இவளும் இவ முடியும். கோழி கொத்தின மாதிரி.”

அவர் ‘தெரியாது’ என்றதோடு நிறுத்தியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். கோழி என்றதும் வாயை மூடிக்கொண்டேன். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் உன்னோடுதானே இருந்தேன், உன்னைக் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்குத்தானே வந்தேன் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் படம் பொய், நீதான் சாட்சி என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டின மனைவியின் கையைக் குலுக்குகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாசலுக்குப் போய், படம் கம்ப்யூட்டரில் செய்த மோசடி, அந்த நேரத்தில் நான் என் மனைவியோடு இருந்தேன், அவளையே கேளுங்கள் என்று பேட்டி கொடுத்தார். சாயங்காலமே மூன்று நிபுணர்கள் டிவியில் உட்கார்ந்து படம் அசல்தான் என்று நிரூபித்துவிட்டார்கள். அமைச்சர் பொய் சொன்னார், பாவம், மனைவியையும் பொய் சொல்ல வைக்கிறார் என்று ஊரே உச்சுக்கொட்டியது.

அதற்குப் பிறகு நிருபர்கள் எங்கள் வீட்டைப் பிய்த்து எடுத்தார்கள். ஒருத்தன் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் குடியிருந்தான். இன்னொருத்தன் எங்கள் குப்பையைக் கொட்டி, நாங்கள் எந்தச் சோப்புப் போடுகிறோம் என்று எழுதினான். துணி காயப்போட மாடிக்குப் போன என்னைத் தொட்டிக்காரன் படம் எடுத்தான். மறுநாள், ‘துயரம் தாளாமல் கூந்தலை வெட்டிக்கொண்டார் மனைவி’ என்று அரைப் பக்கம்.

அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். என் தலையை முதல்முறையாகப் பார்த்தார். கண் கலங்கி, “எனக்காகவா இப்படிப் பண்ணிக்கிட்டே?” என்றார். என் கையில் கரண்டி இருந்தது. பத்திரமாகக் கீழே வைத்தேன். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. கூடவே வாழ்கிற மனிதன் என் முடியைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்கிறான்.

ஆனாலும் விடமாட்டேன் என்று இருந்தேன். அவராகக் கண்டுபிடிக்கவேண்டும். ஒரே ஒரு தடவை, அந்தப் படத்தையும் என்னையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் டிவியில் செய்தி: சிவப்புக் கோட்டுக்காரி பிடிபட்டாள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண்ணை வண்டியிலிருந்து இறக்குகிறார், நிருபர்கள் மேலே விழுகிறார்கள், அவள் முகத்தைக் குடையால் மறைத்துக்கொள்கிறாள். அந்தக் குடை எனக்குத் தெரியும். என் வீம்புக்கு அவள் உள்ளே போய்விட்டாள்.

அலமாரியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். அவரும் அவருடைய செயலாளரும் அடுத்த அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் பிடிபட்டது நல்லதுதான், மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தாள் என்று போடலாம் என்பது யோசனை. நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலில் குனிந்து நின்றேன். செயலாளர் கையிலிருந்து பேனா விழுந்தது.

“எங்க கிளம்பிட்டே, மழை வருதா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“மூணாவது சுத்துல ஏறினேன். நீங்க போன்ல இருந்தீங்க” என்றேன்.

அவருக்கு விஷயம் உள்ளே இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் அப்பாடா என்றார். அவ்வளவுதானே, மனைவிதான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று எழுந்தார். செயலாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“சார், அவசரப்படாதீங்க. வேற பொம்பளையோட போனேன்னா நாலு மாசத்துல மறந்துடுவாங்க. பொண்டாட்டியவே அடையாளம் தெரியலன்னா, ஒரு பொம்பளை ஓட்டுப் போடமாட்டா.”

என் வீட்டுக்காரர் மறுபடி உட்கார்ந்தார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கோழி கொத்தினது என்றதைக்கூட மன்னிப்பேன், அந்த யோசனையை மன்னிக்க எனக்கு நாளாகும். நான் நாய்க்குத் தண்ணீர் வைத்துவிட்டு வாசல் வழியாகவே வெளியே நடந்தேன். தொட்டிக்காரன் பார்த்துவிட்டு, தொட்டியிலிருந்து குதித்துக் காலைச் சுளுக்கிக்கொண்டான்.

ஸ்டேஷனுக்குள் என்னோடு நிருபர் கூட்டமும் நுழைந்தது. படத்தில் இருப்பது நான், தெருவில் நின்றேன், வண்டி வந்தது, பேசினேன், ஏறினேன், சட்டப்படி என்னைப் பிடியுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் எழுந்து நாற்காலி போட்டார். நீங்கள் குடும்பப் பெண், உங்களைப் போய் என்று இழுத்தார்.

“படத்தைப் பார்த்தா அது தெரியுதா?”

“தெரியலம்மா.”

“அப்ப அவளை எதைப் பார்த்துப் பிடிச்சீங்க?”

இன்ஸ்பெக்டர் மேசை மேலிருந்த குடையைப் பார்த்தார். அதுவும் சிவப்பு என்பதுதான் மொத்த ஆதாரம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த குடைக்காரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நிருபர்கள் அவளைத் துளைத்தெடுத்திருக்கிறார்கள், சிவப்புக் கோட்டுக்காரி யார், யார் என்று. புருஷனுக்காகக் காத்திருந்தவளை நான் ஏன் மாட்டிவிடவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். எனக்கு அவமானமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். இன்ஸ்பெக்டர் படத்தை நீட்டி, இது யாரென்று சொல்லவேண்டும் சார் என்றார். அத்தனை மைக்கும் அவர் வாயருகே போயிற்று. அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கழுத்தை, காதோரத்தை, நெற்றியில் விழுந்த முடியை, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“என் மனைவி” என்றார். “எனக்குத்தான் தெரியல.”

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். குடைக்காரியை விட்டுவிட்டார்கள். நானும் அவளும் வாசலுக்கு வந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. வண்டியை எடுத்து வருகிறேன், இதோ என்று அவர் ஓடினார். தெருவோரம் ஒரே குடைக்குள் நின்றோம்.

வண்டி வந்தது. மெதுவாக வந்தது. இரண்டு பெண்கள், தெருவோரம், எதிரே இத்தனை கேமரா. அவர் முகம் வெளிறிப்போய், நிறுத்தாமல் நேராகப் போய்விட்டார். தான் எழுதின சட்டத்துக்கே பயந்து மனைவியைத் தாண்டிப் போகிறார் என்று குடைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது சுற்றிலும் தயங்கித் தயங்கிப் போனார். மூன்றாவது சுற்றில் நின்றது.

நான் ஜன்னலில் குனிந்தேன். அவர் போன் அடித்துக்கொண்டிருந்தது. இந்த முறை அதை அணைத்துப் பையில் போட்டார்.

“ஏறு” என்றார்.

“பேசித்தான் ஏறுவேன். அந்தச் சட்டத்தை எடுத்துடுங்க. இவங்க ரெண்டு ரெண்டு பேரா நிக்கட்டும்.”

கட்சி, தலைவர், சட்டசபை என்று என்னென்னவோ சொன்னார். நான் அசையவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் இந்த முறை நகரவில்லை. கடைசியில், திங்கட்கிழமை சட்டசபையில் சொல்கிறேன் என்றார். மைக்கைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். சொன்னபடியே திங்கட்கிழமை செய்தார்.

பின்கதவைத் திறந்து குடைக்காரியை முதலில் ஏற்றினேன். அவளை எங்கே இறக்கவேண்டும் என்று அவரே திரும்பிக் கேட்டார்.

மறுநாள் பத்திரிகையில் மறுபடி முதல் பக்கம். சிவப்புக் கோட்டு, ஜன்னல், குனிந்த முதுகு. தலைப்பை மாற்றக்கூட அவர்களுக்குச் சோம்பல், ‘மூன்று சுற்றுக்குப் பின் பேரம் படிந்தது’ என்றே போட்டிருந்தார்கள். இந்த முறை ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அவர் அந்தப் படத்தை வெட்டி, சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறார்.