ஆரஞ்சுக் கம்பங்களுக்கு நடுவே

போன வருஷம் வேட்டைக்காலம் தொடங்கிய அன்று, ஆர்லோ ஹெக்லண்டை நடு ரோட்டில் ஒருவன் திருப்பி அனுப்பினான். அனுப்பியவன் டுவேன், பக்கத்துப் பண்ணையின் மேற்பார்வையாளன். "இது தனியார் நிலம், வேலியைத் தாண்டினா கேஸ் போடுவேன்" என்றான். ஆர்லோ எதிர்த்துப் பேசவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து துப்பாக்கியை அலமாரியில் வைத்தவர், அதன்பிறகு அதை எடுக்கவேயில்லை.

அவர் மனைவி மார்லிஸுக்குத்தான் அது ஆறவில்லை. எங்கள் கிழக்கு மொன்டானாவில் அரசு நிலம் கொட்டிக் கிடக்கிறது. போய்ச் சேரத்தான் வழி கிடையாது. சுற்றிலும் பண்ணைகள். ஆர்லோ வேட்டைக்குப் போகவிருந்த குன்றுகளும் அப்படித்தான், மூன்று பக்கமும் ஒரே பண்ணைக்காரர் நிலம். ஆனால் ஒரே ஓர் இடத்தில் அரசு நிலம் நாக்கை நீட்டினாற்போல இறங்கி வந்து சரளைக்கல் ரோட்டைத் தொடுகிறது. போன் வரைபடத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. தரையில்தான் தெரியவில்லை. ரோட்டோரம் முழுக்க ஒரே முள்கம்பி வேலி, கம்பத்துக்குக் கம்பம் ஆரஞ்சு பெயின்ட். எங்கள் ஊரில் அந்த நிறத்துக்கு 'உள்ளே வராதே' என்று அர்த்தம்.

நிற்கும் இடத்தைக் காட்டும் போன் புள்ளி கொஞ்சம் முன்னே பின்னே காட்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் கோடையில் ஒருநாள் ரோட்டோரப் புதர்களை விலக்கி விலக்கித் தேடினாள். சர்வேக்காரர்கள் எல்லைக்குறியாகப் புதைத்த பித்தளைத் தலை வைத்த குழாய் ஒன்று அகப்பட்டது. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு கொட்டகை நீளத்துக்கு ரோட்டிலிருந்து நேராக அரசு நிலம். அந்த ரோடு மாவட்டத்துடைய பொது ரோடுதானா என்று ரோடு ஆபீசிலும் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

இந்த வருஷம் ஆர்லோவைக் கூப்பிட்டாள்.

"எதுக்கு வம்பு? மான் எங்கதான் இல்ல?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனவே அவருடைய தம்பி ரூடியுடன் கிளம்பினாள். ரூடிக்கு வாய் நீளம், கால் குட்டை. அவள் வண்டியை ரோட்டோரம் ஒதுக்கி நிறுத்தியதுமே புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. டுவேன்தான்.

"மேடம், கம்பத்துல இருக்கற கலர் கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியுதே. அரசு நிலத்துக்கு யார் பெயின்ட் அடிச்சதுன்னுதான் தெரியல."

"இது பூரா பண்ணை நிலம்."

"அந்தப் புதரடியில சர்வே குழாய் இருக்கு, பாருங்க. இன்னொண்ணு அதோ அங்க. ரெண்டுக்கும் நடுவுலதான் நான் போகப்போறேன்."

டுவேன் புதர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேட்டை வார்டனுக்குப் போன் போடறேன்" என்றான்.

"போடுங்க. என் பேரையும் சேத்துச் சொல்லுங்க."

வேலிக் கம்பியை ரூடி தூக்கிப் பிடிக்க அவள் குனிந்து நுழைந்தாள். ரோட்டை விட்டு நன்றாக உள்ளே வந்த பிறகுதான் துப்பாக்கியில் தோட்டா போட்டாள். திரும்பிப் பார்த்தாள். டுவேன் போனைக் காதில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் அவளால் ஒரு நிமிஷம் நிம்மதியாக நடக்க முடியவில்லை. பத்தடிக்கு ஒருதரம் போனை எடுத்தாள். நீலப் புள்ளி கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. பையில் போட்டாள், மறுபடியும் எடுத்தாள். காற்று திசை மாறி மாறி அடித்தது. கீழே பண்ணைப் பாதையில் அந்தப் பிக்கப் அவர்களுக்குச் சமமாக ஊர்ந்து வந்தது. கண்ணாடி அவ்வப்போது பளிச்சிட்டது.

"நீ மான் வேட்டைக்கு வந்தியா, போன் வேட்டைக்கு வந்தியா?" என்றான் ரூடி.

"வாயை மூடிட்டு நட."

"மூடறேன். ஆனா மூச்சு அது வழியாத்தான் வருது."

உச்சி வெயில் நேரத்தில் ஒரு பள்ளத்தாக்கு விளிம்பில் கொம்பு விரிந்த ஆண்மான் ஒன்று எழுந்து நின்றது. மார்லிஸ் படுத்து, போனில் இடத்தை ஒருமுறை பார்த்து, மூச்சை அடக்கிச் சுட்டாள். குண்டு பட்டது. ஆனால் மான் விழவில்லை. சரிவில் தடதடவென்று இறங்கி, வறண்ட ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் புல்லில் மடிந்து விழுந்தது.

ஓடைக்கரையில் வந்து நின்றார்கள். வேலி இல்லை, கம்பம் இல்லை, பெயின்ட் இல்லை. போனில் மட்டும் கோடு ஓடைமேல் ஓடியது. மான் கோட்டுக்கு அந்தப் பக்கம், நாலு எட்டில் எட்டிவிடலாம் போலக் கிடந்தது.

பிக்கப்பை எங்கும் காணவில்லை.

"அவன் இல்ல," என்றான் ரூடி. "ஆளுக்கொரு கொம்பைப் பிடிச்சா அரை நிமிஷ வேலை."

அவள் கால் தானாக ஓடைக்குள் ஓர் அடி இறங்கியது. இழுத்துக்கொண்டு வந்துவிட்டால் உலகத்தில் ஒருவனுக்கும் தெரியாது. ஆனால் காலையில் அந்த ஆளிடம் கோட்டைக் காட்டிப் பேசியது யார்? காலை வெளியே எடுத்தாள்.

"நான் போய்க் கேட்டுட்டு வரேன். நீ இங்கயே நில்லு, பருந்து வந்தா விரட்டு."

"யாருகிட்ட? அந்த ஆளுகிட்டயா? உனக்குப் பைத்தியமா மார்லிஸ்? தரமாட்டான். சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

வந்த தூரம் முழுவதும் திரும்ப நடந்தாள். இறைச்சி வெயிலில் கெட்டுவிடுமே என்று ஓட்டமும் நடையுமாக வந்தாள். ரோட்டில் அவள் வண்டிக்கு எதிரே பிக்கப் நின்றது. டுவேன் உள்ளே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"வார்டன்கிட்ட பேசினேன்," என்றான், அவள் வாய் திறக்கும் முன்பே. "நீங்க போன வழி சரிதானாம். போதுமா?"

"அதுக்கு வரல. மான் ஓடையைத் தாண்டி உங்க பக்கம் விழுந்துடுச்சு. நீங்க சொன்னாதான் போய் எடுப்பேன்."

மெல்லுவதை நிறுத்தினான். "இன்னும் எடுக்கலயா?"

"இல்ல."

"யாரும் பாக்கலயே."

"நான் பாத்தேனே."

அவன் வண்டியை விட்டு இறங்கி, தள்ளிப்போய் முதலாளிக்குப் போன் செய்தான். முதலாளி வேறு மாநிலத்தில் இருப்பவர், வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் அதிகம். குரல் இங்கே கேட்கவில்லை. டுவேன் மட்டும் "சரிங்க... இல்லீங்க... சரிங்க" என்றான். திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது.

"உங்களை உள்ள விடக்கூடாதாம்."

மார்லிஸ் தலையாட்டினாள். நல்ல இறைச்சி, அப்படியே அழுகப்போகிறது. ரூடிக்கு என்ன சொல்வது, வீட்டில் ஆர்லோவுக்கு என்ன சொல்வது?

டுவேன் சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுருட்டி டேஷ்போர்டில் எறிந்தான்.

"உங்களைத்தான் விடக்கூடாது. என்னை யார் தடுக்கப்போறா? நீங்க ஓடைக்கு அரசு நிலத்துப் பக்கமா வந்து நில்லுங்க."

அவள் போய்ச் சேர்வதற்குள் பிக்கப் அங்கே வந்துவிட்டது. டுவேன் தனியாளாக மானைக் கொம்போடு பிடித்து இழுத்தான். கனமான மான். ஓடையில் இறங்கி, வழுக்கி விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான். ரூடி உதவிக்கு இறங்கப்போனான்.

"வராதே! அங்கயே நில்லு!" என்று கத்தினான் டுவேன். பிறகு மூச்சு வாங்க, "கோடு எங்க இருக்கு?" என்றான்.

மார்லிஸ் போனைப் பார்த்துச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம். இன்னும். ம், அவ்வளவுதான்."

மானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். அவள் நன்றி சொல்லும்போதே பேன்ட்டைத் தட்டிக்கொண்டு போனான். அவள் மானின் கொம்பில் தன் வேட்டை அனுமதிச் சீட்டைக் கட்டினாள்.

வீட்டில் ஆர்லோ இறைச்சியைப் பார்த்துவிட்டுக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தார். ரூடிதான் ஊரெல்லாம் சொன்னான். பெட்ரோல் பங்கில் சொன்னான், மதுக்கடையில் சொன்னான், முடி வெட்டுகிற இடத்தில்கூட வரைபடம் போட்டுக் காட்டினான்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் ஆர்லோ தானாகவே பூட்ஸை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மார்லிஸ் ஓட்டினாள். கடைசி மேட்டைத் தாண்டியதும் கால் பிரேக்கில் இறங்கியது. சர்வே குழாய்களுக்கு நடுவே ரோட்டோரம் வண்டிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. ஆரஞ்சு உடுப்புப் போட்ட வேட்டைக்காரர்கள் வரிசையாக வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்த இடமே இல்லயே," என்றார் ஆர்லோ.

அவள் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக அந்த வண்டிகளைக் கடந்து போனாள்.

"எங்க போற?"

"தெரியல. வரைபடத்தை எடுங்க. இன்னொரு இடம் இருக்கும்."