ஒரு கோலுக்கு ஒரு மிஸ்டு கால்

லக்ஷ்மிப்ரியா அன்று காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டாள். மவுண்ட் ஆல்பர்ட்டின் பழைய மரவீட்டில் காலை ஏழு மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். உலகத்தின் மறுகோடியில் கால்பந்து வீரன் டாமி ஆர்க்ரைட் தன் கடைசி ஆட்டத்தை ஆட இறங்குகிறான். அவள் ஒருநாள் எக்ஸ்ரே எடுக்காவிட்டால் ஆக்லாந்தில் யாருடைய எலும்பும் கோபித்துக்கொள்ளாது.

டாமியை இங்கிலாந்தே கொண்டாடியது. மீன் சந்தையில் பெட்டி தூக்கியவரின் மகன். பதினேழு வயதில் முதல் ஆட்டம். இரண்டு முறை முழங்கால் போயும் எழுந்து வந்து நாட்டுக்கே கேப்டன் ஆனவன். லண்டன் கிளப்புகள் எவ்வளவோ ஆசை காட்டியும் பிறந்த துறைமுக ஊரைவிட்டு நகரவில்லை. அந்த ஊரில்தான் அவளும் கணவன் பிரதாபனும் குடித்தனம் நடத்தினார்கள். மழையில் நனைந்தபடி டாமி ஆடுவதைச் சேர்ந்து பார்த்தார்கள்.

அவளுக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்தபோது பிரதாபன் வர மறுத்தான். "யாழ்ப்பாணத்தை விட்டு வந்தது ஒருக்கா காணும். இன்னொரு ஊரை விட்டுப்போக என்னாலை ஏலாது" என்றான். அவளுக்கும் வீம்பு. கிளம்பி வந்துவிட்டாள். போனில் பேசினாலே சண்டை. ஒரு வருடத்தில் விவாகரத்தும் ஆயிற்று.

அதன்பிறகு ஒருநாள் டாமி கோல் போட்டான். அவளுடைய போன் ஒரே ஒருமுறை அடித்து நின்றது. பிரதாபனின் நம்பர். அவளும் பதிலுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். ஒன்பது வருடமாக அப்படித்தான். டாமியின் ஒவ்வொரு கோலுக்கும் அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று. எடுத்துப் பேசியதே இல்லை; பிரதாபனின் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னால், கதைத்ததே இல்லை. பிரதாபன் தன்னை இன்னும் நினைக்கிறான் என்பதற்கு அவளிடம் வேறு சாட்சி கிடையாது. டாமி அடிபட்டு எட்டு மாதம் படுத்தபோது, பெற்ற தாயைவிட இவள்தான் அதிகம் கவலைப்பட்டிருப்பாள்.

இன்று ஒரு கோல் போட்டால் கடைசியாக ஒருமுறை போன் அடிக்கும். போடாவிட்டால் அதுவும் இல்லை.

எண்பத்தெட்டாவது நிமிடம் பெனால்டி கிடைத்தது. மைதானமே டாமியின் பெயரைக் கத்தியது. அவனோ பந்தை எடுத்து, அன்றுதான் முதல்முறை ஆட வந்த புதியவன் கையில் கொடுத்தான். வர்ணனையாளர் அவனுடைய பெருந்தன்மையைப் புகழ்ந்தார்.

"அட பாவி, உன் பெருந்தன்மையில இடி விழ! நீயே போடுடா!" என்று லக்ஷ்மிப்ரியா டிவியைப் பார்த்துக் கத்தினாள்.

புதியவன் கோல் போட்டான். போன் அடிக்கவில்லை.

விசில் ஊதி ஆட்டம் முடிந்தது. டாமி கைதட்டியபடி மைதானத்தைச் சுற்றி வந்தான். கேமரா கூட்டத்தைக் காட்டியபோதெல்லாம் அவள் பிரதாபனைத் தேடினாள். தலை நரைத்திருக்குமோ, கண்ணாடி போட்டிருப்பானோ, அதுகூடத் தெரியவில்லை. அவனைப் பார்க்கவேண்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

போனை எடுத்து அவன் நம்பரை அழுத்தினாள். ஒருமுறை அடித்தது. ஒன்பது வருடப் பழக்கத்தில் விரல் தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டாள். இரண்டு. மூன்று. நான்கு.

"பிரியா?" பிரதாபனின் குரலுக்குப் பின்னால் கூட்டத்தின் பாட்டு இரைந்தது. "அவன் கோல் அடிக்கேல்லையே?"

"இல்லைங்க, அடிக்கல."

"என்ன, ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்ணுமில்ல. உங்க குரலைக் கேக்கணும்னு இருந்துச்சு."

அந்தப் பக்கம் பாட்டு மட்டும் கேட்டது. வைத்துவிடுவானோ என்று பயந்துபோனாள்.

"கதையும், பிரியா" என்றான் பிரதாபன். "நான் வைக்க மாட்டன்."